நம் வளாகத் தடுப்பூசி முகாம்: பட்டியலில் யார் யார்?

(2021 ஜூன் மாதக் கடைசி ஞாயிறு மாலை இணையவழியில் நடந்த குடியிருப்போர் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்தில் கலந்துகொள்ள முடியாதவர்களும் வாக்களிக்க வேண்டியிருப்பதால் முழுமையாகத் தருகிறோம்.)



மூன்று பிளாக்கிலிருந்தும் இத்தனை பேர் இணைந்திருப்பது மகிழ்ச்சி. பேசாதவர்கள் மைக்கை அணைத்து வையுங்கள். குக்கர் விசில் சத்தம் எல்லாருக்கும் கேட்கிறது.

இன்று இரண்டு விஷயங்களைப் பேச வேண்டும். ஒன்று, நம் வளாகத்தில் நடத்தப்போகும் தடுப்பூசி முகாமில் யாருக்கெல்லாம் இடம் என்பது. இரண்டாவது, ஊரடங்கும் வீட்டுத் தனிமையும் குறித்து நம் சங்கம் எந்த விதிகளைப் போடலாம், எவற்றைப் போடக்கூடாது என்பது. பத்து நாளாக நம் வாட்ஸ்அப் குழுவில் இவற்றைப் பற்றிக் காரசாரமாக எழுதி வருகிறீர்கள். எல்லாவற்றையும் செயற்குழு படித்தது. எங்கள் பரிந்துரையை இப்போது சொல்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டுக்கு ஒரு வாக்கு என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் நிலவரம். மே மாதம் சென்னையில் ஒரே நாளில் 7,000 பேருக்கு மேல் தொற்று உறுதியானது. மாநிலம் முழுவதும் அந்த எண்ணிக்கை 36,000-ஐத் தாண்டியது. மே 10-ல் முழு ஊரடங்கு. மே 24 முதல் மளிகைக் கடையும் கிடையாது; காய்கறி வண்டி வந்தால்தான் சமையல். இப்போது சென்னையில் தினமும் சில நூறு பேருக்குத்தான் தொற்று. ஜூன் 21 முதல் பேருந்தும் மெட்ரோவும் ஓடுகின்றன. நாளை முதல் இன்னும் சில தளர்வுகள். மூன்றாவது அலை வருமா, எப்போது வரும் என்று நான் ஜோசியம் சொல்லப் போவதில்லை. தொற்று குறைந்திருக்கும் இந்த நாள்களில் எத்தனை பேருக்கு ஊசி போட்டு முடிக்கிறோம் என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

ஊசி கிடைப்பதில் உள்ள சிக்கல்

ஜனவரி 16-ல் சுகாதாரப் பணியாளர்களுடன் ஆரம்பித்தார்கள். மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்களுக்கும், இணைநோய் உள்ள 45 வயதைக் கடந்தவர்களுக்கும். ஏப்ரல் 1 முதல் 45-ஐத் தாண்டிய எல்லாருக்கும். மே மாதம் 18 வயது வரை வந்துவிட்டது. ஜூன் 21 முதல் 18 வயதான எவரும் அரசு மையத்தில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். முன்பதிவு இல்லாமல் நேரில் போயும் பதிவு செய்துகொள்ளலாம்.

விதி இவ்வளவு எளிதாகிவிட்டது. ஆனால் மருந்துதான் வருவதில்லை. இந்த மாதத்தில் பல நாள்கள் மையங்களில் 'இருப்பு இல்லை' என்ற பலகைதான் தொங்கியது. காலை ஐந்தரைக்குப் போய் டோக்கன் வாங்கியவர்கள் நம்மில் இருக்கிறார்கள். டோக்கன் கிடைக்காமல் திரும்பியவர்கள் அதைவிட அதிகம்.

நம் வளாகக் கணக்கைப் பார்ப்போம். 96 வீடுகள். 60 வயதைக் கடந்தவர்களில் இருவரைத் தவிர எல்லாரும் முதல் தவணையாவது போட்டுவிட்டார்கள். 18-க்கு மேற்பட்ட மற்றவர்களில் பாதிக்கு மேல் போட்டாயிற்று. மகிழ்ச்சியான செய்தி. இந்தக் கணக்கு எப்படிச் சாத்தியமானது என்றும் கொஞ்சம் யோசியுங்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. ஸ்லாட் திறந்த அந்த மூன்று நிமிடத்தில் பிள்ளைகள் ஓடிபி போட்டுப் பதிவு செய்தார்கள். கார் இருந்தது. தேவைப்பட்டால் தனியார் மருத்துவமனைக்குக் கட்டப் பணமும் இருந்தது.

இப்போது இன்னொரு கணக்கு. தினமும் நம் கேட்டுக்குள் வந்து போகிறவர்கள்: செக்யூரிட்டி 9 பேர், துப்புரவுப் பணியாளர் 5 பேர், தோட்டக்காரர் ஒருவர், வீட்டு வேலை செய்யும் பெண்கள் 41 பேர், ஓட்டுநர்கள் 4 பேர், இஸ்திரி போடுகிறவர் ஒருவர். மொத்தம் 61 பேர். இவர்களில் ஒரு தவணையாவது போட்டவர்கள் 14 பேர். இரண்டும் போட்டவர் ஒருவர்கூட இல்லை.

'இலவசமாகத்தானே போடுகிறார்கள், போட்டுக்கொள்ள வேண்டியதுதானே?' என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். செயற்குழுவில் இருவர் அந்த 61 பேரிடமும் தனித்தனியாகப் பேசினார்கள். கிடைத்த பதில்களைச் சொல்கிறேன்.

செக்யூரிட்டிகளுக்குப் பன்னிரண்டு மணி நேர டியூட்டி. டோக்கன் கொடுக்கும் நேரம்தான் ஷிப்ட் மாறும் நேரம். இரவு டியூட்டி முடித்துவிட்டு வரிசையில் நின்றால் அவர் முறை வருவதற்குள் மருந்து தீர்ந்துவிடுகிறது.

வீட்டு வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்திலிருந்து வருகிறார்கள். பேருந்து இல்லாத நாள்களில் ஷேர் ஆட்டோவும் இல்லை. நடந்து வந்தவர்களும் உண்டு. பலரிடம் பட்டன் போன்தான். வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தால் அது பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்குப் போய்விடுகிறது. கோவின் தளம் ஜனவரியில் தொடங்கியது. அதில் தமிழ் வந்ததே இந்த ஜூன் மாதம்தான். மற்ற மொழிகள் சிலவற்றைச் சேர்த்தபோது முதல் பட்டியலில் தமிழ் விடுபட்டு, கேட்ட பிறகு சேர்த்தார்கள். செல்போனும் இணையமும் இல்லாதவர்கள் எப்படிப் பதிவு செய்வார்கள் என்று உச்ச நீதிமன்றமே மத்திய அரசிடம் கேட்டது.

எல்லாவற்றையும்விட அதிகம் பேர் சொன்ன காரணம் இது: "ஊசி போட்டா ரெண்டு நாள் காய்ச்சல் வருதாமே சார். மூணு வீட்டுக்கு லீவு சொல்லணும். ஏற்கனவே ஊரடங்குல ஒரு மாசச் சம்பளம் போச்சு."

ஊசி இலவசம். காய்ச்சலோடு படுத்திருக்கும் இரண்டு நாள் இலவசம் இல்லை. அதற்கான கூலியை அவர்கள் கையிலிருந்து கொடுக்கிறார்கள். இந்தக் கணக்கை நாம் யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

பயமும் இருக்கிறது. நடிகர் விவேக் ஏப்ரல் 15-ல் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் மக்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்பதற்காகவே ஊசி போட்டுக்கொண்டார். 17-ம் தேதி மாரடைப்பில் இறந்தார். இதய இரத்தக் குழாயில் முழு அடைப்பு இருந்தது, தடுப்பூசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் விளக்கினார்கள். அந்த விளக்கம் செய்தித்தாள் படிப்பவர்களிடம் போய்ச் சேர்ந்தது. வதந்தி எல்லாரிடமும் சேர்ந்தது. நம் வீடுகளிலேயே அதற்குப் பிறகு ஒரு மாதம் தயங்கியவர்கள் இருக்கிறார்கள். நமக்குச் சந்தேகம் வந்தபோது கேட்பதற்குத் தெரிந்த டாக்டர் இருந்தார். அவர்கள் யாரிடம் கேட்பார்கள்? நம்மிடம்தான் கேட்கிறார்கள். நம் பி பிளாக் டாக்டர் அம்மா வரும் புதனன்று மாலை பார்க்கிங்கில் இடைவெளி விட்டு நாற்காலி போட்டு அவர்களிடம் அரை மணி நேரம் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார். உங்கள் வீட்டில் வேலை செய்கிறவரை அந்த அரை மணிக்கு விடுங்கள்.

முகாமை எப்படி நடத்துவது?

வீட்டுக்கு அருகில் தடுப்பூசி மையம் அமைப்பதற்கான நெறிமுறையை மத்திய சுகாதார அமைச்சகம் மே மாத இறுதியில் வெளியிட்டது. 60 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் சமுதாயக் கூடம், குடியிருப்போர் சங்க அலுவலகம், பள்ளி போன்ற இடங்களிலேயே ஊசி போடலாம். ஏற்கனவே இயங்கும் ஒரு மையத்துடன் அது இணைந்திருக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகள் தனியார் மருத்துவமனையுடன் சேர்ந்து முகாம் நடத்தவும் வழி இருக்கிறது.

இடம் நம்மிடம் இருக்கிறது. பார்ட்டி ஹாலில் காத்திருப்பு, நூலக அறையில் ஊசி, எதிரே உள்ள யோகா அறையில் அரை மணி நேரக் கண்காணிப்பு. மூன்றும் தரைத்தளம், சக்கர நாற்காலி போகும்.

மாநகராட்சியின் இலவச முகாமுக்கு மனு கொடுத்திருக்கிறோம். மருந்து இருப்பைப் பொறுத்துத் தேதி கிடைக்கும். ஜூலை 15-க்குள் தேதி கிடைக்காவிட்டால் தனியார் மருத்துவமனை வழியாக நடத்தலாம் என்பது பரிந்துரை. விலை உச்சவரம்பை ஜூன் 8-ல் அரசு நிர்ணயித்துவிட்டது. கோவிஷீல்டு 780 ரூபாய், கோவாக்சின் 1,410 ரூபாய். வரியும் 150 ரூபாய் சேவைக் கட்டணமும் இதிலேயே அடக்கம். யாராவது இதற்கு மேல் கேட்டால் செயற்குழுவிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்காரர்கள் தங்கள் குடும்பத்துக்கான தொகையைத் தாங்களே கட்டுவார்கள். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த 61 பேருக்கான தொகையைச் சங்கத்தின் இருப்பிலிருந்து கட்ட வேண்டும் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. வாக்கு இதற்குத்தான்.

'மெயின்டனன்ஸ் பணத்தை இதற்கு எடுப்பதா?' என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கு சொல்கிறேன். 61 பேருக்கும் இரண்டு தவணை கோவிஷீல்டு என்றால் 95,160 ரூபாய். 96 வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு ஆயிரம் ரூபாய்கூட வராது. 14 பேர் ஒரு தவணை போட்டிருப்பதால் இன்னும் குறையும். மாநகராட்சி முகாம் கிடைத்துவிட்டால் செலவே இல்லை. போன வருடம் கேட்டில் வைத்த கிருமிநாசினி தெளிக்கும் வளைவுக்கு இதைவிட அதிகம் செலவு செய்தோம். ஆள் மீது கிருமிநாசினி தெளிப்பதால் பயனில்லை, தீங்குதான் என்று சுகாதார அமைச்சகம் சொல்லி, அது இப்போது ஸ்டோர் ரூமில் கிடக்கிறது.

'செக்யூரிட்டி ஏஜென்சியின் ஆட்கள், ஏஜென்சிதானே பொறுப்பு?' என்பது அடுத்த கேள்வி. ஏஜென்சிக்கும் எழுதியிருக்கிறோம். அவர்கள் செலவை ஏற்றால் நல்லது. ஆனால் அவர்கள் பதிலுக்காக நாம் காத்திருக்கும் நாள்களிலும் அந்த ஒன்பது பேரும்தான் நம் பார்சலை வாங்கி வைக்கிறார்கள், லிஃப்ட் பொத்தானைத் துடைக்கிறார்கள், இரவில் ஆம்புலன்சுக்குக் கேட் திறக்கிறார்கள்.

போலியோ சொட்டு மருந்து முகாம்களை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் நம் சங்க அறையில்தான் நடக்கும். எதிரே கட்டட வேலை நடந்தபோது அங்கே தங்கியிருந்தவர்களின் குழந்தைகளையும் கூப்பிட்டுத்தான் சொட்டு போட்டார்கள். எந்த பிளாட் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு குழந்தை விட்டுப்போனாலும் எல்லாக் குழந்தைக்கும் ஆபத்து என்று அந்தச் செவிலியர்கள் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 2011-க்குப் பிறகு இந்தியாவில் காட்டு வகைப் போலியோ இல்லாமல் போனது அப்படித்தான்.

'ஊசி போடாதவர்களுக்கு அனுமதி இல்லை' என்று போர்டு வைக்கலாமா?

ஜூலை 15 முதல் ஊசி போடாத எவரையும் கேட்டுக்குள் விடக்கூடாது என்று ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. எழுதியவர்களின் அக்கறை புரிகிறது. வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், மே மாதத்தில் நாம் சிலரை இழந்தும் இருக்கிறோம். ஆனாலும் செயற்குழு இதை ஏற்கவில்லை.

தடுப்பூசி அவரவர் விருப்பம் என்றே மத்திய அரசு சொல்லிவருகிறது. இந்த வாரம், ஜூன் 23-ல், மேகாலயா உயர் நீதிமன்றம் இதே விஷயத்தில் ஓர் உத்தரவு போட்டது. கடைக்காரர்களும் வாடகை வண்டி ஓட்டுநர்களும் ஊசி போட்டால்தான் தொழில் செய்யலாம் என்று அங்கே சில மாவட்ட நிர்வாகங்கள் உத்தரவிட்டிருந்தன. ஊசி போடச் சொல்வது நல்லது, ஆனால் கட்டாயப்படுத்திப் பிழைப்பில் கைவைக்கக் கூடாது என்றது நீதிமன்றம். பணியாளர்கள் ஊசி போட்டார்களா என்பதைக் கடைகள் எழுதி வைக்கட்டும் என்றும் சொன்னது. ஒரு மாவட்ட நிர்வாகத்தாலேயே முடியாததை நம் சங்கம் செய்ய முடியாது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மருந்தே கிடைக்காத மாதத்தில் ஊசி போடவில்லை என்று வேலையை நிறுத்தினால், ஸ்லாட் கிடைக்காததற்காக ஒருவரைத் தண்டிக்கிறோம். கடைசியில் பொய்ச் சான்றிதழ்தான் வரும். நமக்கு வேண்டியது உண்மையான ஊசி.

அதனால் எங்கள் பரிந்துரை: முகாமில் ஊசி. மறுநாளும் அதற்கடுத்த நாளும் சம்பளத்தோடு விடுப்பு. மூன்று வீட்டில் வேலை செய்தால் மூன்று வீடும் அந்த இரண்டு நாளைக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. எல்லாரும் ஒரே நேரத்தில் விடுப்பு எடுக்காதபடி பிளாக் வாரியாக முகாமை இரண்டு நாளாகப் பிரிக்கிறோம். அந்த நாள்களில் நம் பாத்திரத்தை நாமே கழுவிக்கொள்வோம். ஊரடங்கில் ஒரு மாதம் கழுவியவர்கள்தானே நாம்.

வீட்டுத் தனிமையும் நம் விதிகளும்

அரசு விதியைவிடக் கடுமையான விதி போட்டால் பாதுகாப்பு கூடும் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. ஜூன் 7 முதல் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பராமரிப்புப் பணியாளர்களையும் பாதுகாப்புப் பணியாளர்களையும் இ-பதிவுடன் அரசு அனுமதித்தது. எலக்ட்ரீஷியன், பிளம்பர், தச்சர் ஆகியோரையும் காலை 6 முதல் மாலை 5 வரை வீட்டுக்கு வரலாம் என்றது. அந்த நாள்களில்கூட, தனியாக இருக்கும் 78 வயது அம்மா ஒருவரின் வீட்டுக்குப் பிளம்பரை விடவில்லை. இரண்டு நாள் அவர் வாளியில் தண்ணீர் எடுத்தார். இனி அரசு அனுமதித்தவரை நம் கேட்டில் தடுக்க வேண்டாம். முகக்கவசம், கை கழுவுதல், வருகைப் பதிவேடு போதும்.

தொற்று வந்த வீட்டுக்கான நடைமுறையைச் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

1. இலேசான தொற்றில், மருத்துவர் அனுமதித்தால் வீட்டுத் தனிமை. மத்திய அரசின் நெறிமுறைப்படி அறிகுறி தொடங்கி 10 நாள் ஆகி, கடைசி 3 நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் தனிமை முடியும். நெருங்கிய தொடர்பில் இருந்தவர்களுக்கு 14 நாள்.

2. ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனாலோ மூச்சுத் திணறல் இருந்தாலோ 'நாளை பார்க்கலாம்' என்று இருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், ஆலோசனைக்கு 104. சங்கத்திடம் மூன்று ஆக்சிமீட்டர்கள் உள்ளன. ஓர் ஆக்சிஜன் செறிவூட்டியும் உள்ளது. ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் மட்டுமே அது உதவும். மருத்துவமனைக்கு மாற்று ஆகாது.

3. தனிமையில் இருக்கும் வீட்டின் குப்பை மஞ்சள் பையில் தனியாகப் போக வேண்டும். மற்ற வீடுகள் பயன்படுத்திய முகக்கவசத்தைக் காகிதப் பையில் 72 மணி நேரம் வைத்து, வெட்டி, உலர் குப்பையில் சேர்க்க வேண்டும். நம் துப்புரவுப் பணியாளர்கள் வெறும் கையுறையோடு அதைப் பிரிக்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள்.

4. பால், காய்கறி, மருந்து ஆகியவை வாசலில் வைக்கப்படும். ஒவ்வொரு பிளாக்கிலும் இரண்டு தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இதே உதவிதான். உரிமையாளரைக் கேட்டு வாருங்கள் என்று யாரையும் அலைய விட மாட்டோம்.

5. தொற்று வந்தவர் பெயரோ பிளாட் எண்ணோ அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் வராது. செயலாளருக்கும் அந்த பிளாக் பிரதிநிதிக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

ஐந்தாவதைக் குறித்துத்தான் அதிக எதிர்ப்பு. 'எங்கள் மாடியில் யாருக்கு என்று எங்களுக்குத் தெரிய வேண்டாமா?' என்கிறீர்கள். 2020 டிசம்பர் 9-ல் உச்ச நீதிமன்றம், உரிய அதிகாரி குறிப்பிட்ட வழக்கில் உத்தரவிட்டால் தவிர, தொற்று வந்தவர் வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டக் கூடாது என்று சொல்லிவிட்டது. நம் சென்னையில் 2020-ல் வாசலில் தகரம் அடித்ததையும் பார்த்தோம். அதே ஆண்டு ஏப்ரலில், தொற்றில் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஆம்புலன்ஸ் மீது கல்லெறிந்ததையும் பார்த்தோம். அடக்கத்தைத் தடுப்பது குற்றம் என்று அரசு அவசரச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அவர்களும் பயந்துபோன குடியிருப்புவாசிகள்தான்.

பெயர் வெளியே வரும் என்று தெரிந்தால் பரிசோதனைக்கே போக மாட்டார்கள். சாதாரணக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டு அதே லிஃப்டில் ஏறுவார்கள். வேலை போய்விடும் என்று தெரிந்தால் இருமலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருவார்கள். மறைத்தால் நஷ்டம் இல்லை, சொன்னால் நஷ்டம் என்ற நிலையை நாம் உண்டாக்கக் கூடாது. இன்று நாங்கள் வைத்திருக்கும் எல்லாப் பரிந்துரைகளுக்கும் காரணம் இதுதான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை

கோவிஷீல்டு முதல் தவணை போட்டவர்களுக்கு இடைவெளி 12 முதல் 16 வாரம், அதாவது 84 நாள் முடிந்திருக்க வேண்டும். ஏப்ரல் 10-ல் போட்டவருக்கு ஜூலை 3 முதல் தகுதி. கோவாக்சினுக்கு 4 முதல் 6 வாரம். வெளிநாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் கோவிஷீல்டு இரண்டாம் தவணையை 28 நாளுக்குப் பிறகு போடச் சிறப்பு அனுமதி இருக்கிறது. பாஸ்போர்ட் எண் சான்றிதழில் சேர வேண்டும். தொற்றிலிருந்து குணமானவர்கள் மூன்று மாதம் கழித்துப் போடலாம். பாலூட்டும் தாய்மார்கள் போட்டுக்கொள்ளலாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் மூன்று வேலைகள். உங்கள் வீட்டுப் பட்டியலை பிளாக் பிரதிநிதியிடம் கொடுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர், ஓட்டுநர், பெரியவரைக் கவனித்துக்கொள்ளும் பெண் ஆகியோரின் பெயர், பிறந்த ஆண்டு, ஆதார் அல்லது வாக்காளர் அட்டை விவரங்களை அவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு கொடுங்கள். ஒரு செல்போன் எண்ணில் நான்கு பேரைப் பதியலாம். போன் இல்லாதவரை உங்கள் எண்ணிலேயே சேருங்கள். இரண்டாம் தவணைத் தேதியையும் நீங்களே குறித்து வைத்துச் சொல்லுங்கள். எந்த அடையாள அட்டையும் இல்லாதவர் இருந்தால் விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கும் தனி நடைமுறை இருக்கிறது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

மூன்றாவது வேலை உங்கள் வாக்கு. 61 பேருக்குச் சங்கச் செலவில் ஊசி, இரண்டு நாள் சம்பளத்தோடு விடுப்பு, கேட்டில் தடை இல்லை, பெயர் வெளியீடு இல்லை. நான்கையும் ஒரே தீர்மானமாக வைக்கிறோம். எதிர்ப்பவர்கள் காரணத்தை எழுதி அனுப்புங்கள், ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லுவோம். முகாம் நாளன்று நாற்காலி போடவும் பதிவு செய்யவும் பெரியவர்களைக் கைபிடித்து அழைத்து வரவும் இருபது பேர் வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் பெயர் கொடுங்கள்.

இப்போது மைக்கைத் திறக்கலாம். ஏ பிளாக்கிலிருந்து தொடங்குவோம், கேள்விகளைக் கேளுங்கள்.